சிஎன்ஜி ஆட்டோவா? ஷோரூமுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் காட்பாடி ரயில் நிலைய ஸ்டாண்டுக்கு ஒரு தம்பி புது சிஎன்ஜி, அதாவது இயற்கை எரிவாயுவில் ஓடுகிற ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னால் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை. எல்லோருக்கும் லட்டு கொடுத்து முடித்துவிட்டு என் பக்கம் வந்து, "அண்ணே, இந்த வண்டிக்கு கவர்ன்மென்ட் மானியம் இருக்காமே, எங்க எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வண்டி ரோட்டுக்கு வந்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை அது. தனியார் பைனான்ஸில் கடன் வாங்கி, ஆர்சியும் கைக்கு வந்தாச்சு. இனி எந்த மானியத் திட்டத்திலும் அந்த வண்டியைச் சேர்க்க முடியாது. ஆறு வாரம் முன்னால் கேட்டிருந்தால் கதையே வேறு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் சிஎன்ஜி ஆட்டோவோ சின்ன லோடு வண்டியோ வாங்க நினைக்கிறவர்கள் எந்த வரிசையில் போனால் அரசு உதவி கிடைக்கும், எங்கே கால் தவறும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சிஎன்ஜி வண்டி என்பதற்காக மட்டும் மத்திய அரசு கையில் தருகிற மானியம் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டம் மின்சார வண்டிகளுக்கானது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் மின்சார வண்டிக்குத்தான், சிஎன்ஜிக்கு அது பொருந்தாது. டெல்லி கதையைச் சொல்லிக் கேட்பார்கள் சிலர். அங்கே 1998-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டு, பழைய ஆட்டோ, டாக்ஸிகளை மாற்றுகிறவர்களுக்கு நிதிச் சலுகை கொடுக்கச் சொன்னது. நமக்கு அப்படி ஓர் உத்தரவு இல்லை. ஆகவே "சிஎன்ஜி மானியம் 50,000, பதிவுக் கட்டணம் 1,500 மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அப்படியானால் அரசு உதவி எங்கே இருக்கிறது? கொஞ்சம் வரியில், கொஞ்சம் எரிவாயு விலையில், பெரும்பங்கு தொழில் கடன் திட்டங்களில்.

வரியைப் பற்றி நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பில்லில் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். மூன்று சக்கர வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் என்றால் முன்பு 2,56,000, இப்போது 2,36,000. பழைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது பேசினால் கேளுங்கள். இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதற்கு மாநில வாட் வரிதான். தமிழ்நாட்டில் அது 14.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது போக, உள்நாட்டில் பழைய வயல்களில் எடுக்கிற எரிவாயுவை வண்டிக்கும் வீட்டு அடுப்புக்கும் முன்னுரிமை கொடுத்து ஒதுக்குகிறார்கள். 2023 ஏப்ரலில் அதற்கு விலை உச்சவரம்பும் வைத்தார்கள். ஆனால் இந்த ஒதுக்கீடு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 2024 அக்டோபர், நவம்பரில் வெட்டினார்கள், அப்புறம் 2025 ஜனவரியில் ஓரளவு திருப்பிக் கொடுத்தார்கள். ஒதுக்கீடு குறைந்தால் கம்பெனிகள் அதிக விலைக்கு வெளியே வாங்க வேண்டிவரும், அது கடைசியில் நம் தலையில்தான் விழும். ஆகவே இன்றைய கிலோ விலையை மட்டும் வைத்து நாலு வருஷக் கணக்குப் போடாதீர்கள்.

பங்க் பார்த்த பிறகே வண்டி

எரிவாயு விநியோகத்துக்கு ஒழுங்குமுறை வாரியம் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. நம் பகுதியில் சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்களைச் சேர்த்து ஒரே பகுதியாக வைத்திருக்கிறார்கள். (1911 வரைக்கும் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான், அதனால் எனக்கு இந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது.)

நீங்கள் தினமும் ஓடுகிற பாதையில் பங்க் இருக்கிறதா என்று பாருங்கள். சிஎம்சி, பாகாயம், ஸ்ரீபுரம் என்று சுற்றுகிறவருக்கும் குடியாத்தத்திலிருந்து பேர்ணாம்பட்டு போகிறவருக்கும் கணக்கு ஒன்றாக இருக்காது. பங்க் இருந்தால் மட்டும் போதாது, எப்படிப்பட்ட பங்க் என்றும் கேளுங்கள். சில பங்குக்குக் குழாயிலேயே கேஸ் வரும், சில பங்குக்கு லாரியில் சிலிண்டர் அடுக்கிக் கொண்டுவருவார்கள். லாரி வரத் தாமதமானால் அழுத்தம் இறங்கிவிடும். நிரம்பினால் 200 பார் காட்ட வேண்டிய மீட்டர் 140, 150-லேயே நின்றுவிடும், சவாரி நேரத்தில் மறுபடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். வண்டி வாங்கும் முன் ஒரு வாரம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அந்தப் பங்க்கில் போய் நின்று பாருங்கள். அங்கே கேஸ் அடிக்க வருகிற டிரைவர்களிடம் பேசினாலே உண்மை தெரிந்துவிடும்.

அப்புறம் உங்கள் கணக்கு. உதாரணத்துக்கு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கேஸ் கிலோ 90 ரூபாய், பெட்ரோலில் 25 கிலோமீட்டர், கேஸில் 35 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 480 ரூபாய், கேஸுக்கு சுமார் 309 ரூபாய். மிச்சம் 171. மாதம் 25 நாள் ஓடினால் 4,275 ரூபாய். உங்கள் ஊர் விலை, உங்கள் வண்டி மைலேஜ் போட்டு இதையே திருப்பிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், புதுக்கடன் எடுக்கும் முன் ரெண்டு தடவை யோசியுங்கள்.

உங்களுக்கு எந்தத் திட்டம்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்பு தேறியிருந்தால், 18 வயது முடிந்திருந்தால், மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. ஆபீஸில் யு.ஒய்.இ.ஜி.பி. என்பார்கள். பொதுப்பிரிவுக்கு 45 வயது வரை. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள் என்று சிறப்புப் பிரிவில் வருகிறவர்களுக்கு 55 வரை. மானியம் 25 சதவீதம். உங்கள் கைப்பணம் பொதுப்பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5 சதவீதம், மீதி வங்கிக் கடன். மாவட்டத் தொழில் மையம் வழியாகத்தான் போக வேண்டும். வேலூருக்கு அது காந்தி நகரில் இருக்கிறது. விண்ணப்பத்தில் தொழில் வகை கேட்கிற இடத்தில் சேவைத் தொழில் என்று வரும், அதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் இன்னும் நல்ல வாய்ப்பு உண்டு. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், அதற்கு மேல் வட்டியில் 6 சதவீதம் அரசு ஏற்றுக்கொள்கிறது. படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை. இதுவும் தொழில் மையம் வழியாகத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசுக் கழகமான தாட்கோ அலுவலகத்தில் தனியாக வேறு கடன் திட்டங்களும் இருக்கின்றன, இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு எது உங்களுக்குச் சாதகமோ அதில் போடுங்கள். பல பேர் 25 சதவீதத் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, 35 இருந்ததே தெரியாமல் இருந்திருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய வித்தியாசம்! 3 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் 30,000 ரூபாய்.

பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, சிறுபான்மையினருக்கு டாம்கோ, இரண்டும் கடன் கொடுக்கிற மாநில அரசுக் கழகங்கள். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து நண்பர்கள் டாம்கோவை அவசியம் விசாரியுங்கள். மானியத்தை விட குறைந்த வட்டிதான் இங்கே லாபம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ விண்ணப்பம் கிடைக்கும்.

பெண் ஓட்டுநர்கள், திருநங்கை ஓட்டுநர்கள் முதலில் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாரியத்தில் பதிவு பெற்றவர்கள் சொந்த ஆட்டோ வாங்க 1 லட்சம் ரூபாய் மானியம் என்று தொழிலாளர் துறை அறிவித்துக் கொடுத்திருக்கிறது. சென்னையில் இளஞ்சிவப்பு ஆட்டோ திட்டத்திலும் அதே 1 லட்சம்தான், ஆனால் அது சென்னைக்கு மட்டும். வாரிய அட்டை இல்லாமல் போனால் அறிவிப்பு வரும் நாளில் ஒன்றும் செய்ய முடியாது. ஆண்களும் பதிவு செய்யுங்கள், விபத்து, பிள்ளைகள் படிப்பு என்று மற்ற உதவிகளும் அதில் வருகின்றன.

எதிலும் வரவில்லையா, மத்திய அரசின் சிறுதொழில் கடனான முத்ரா இருக்கிறது. இதில் மானியம் இல்லை, ஆனால் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். ஆட்டோவுக்கு கிஷோர் போதும். ஜன் சமர்த் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே போடலாம், நேராகக் கணக்கு வைத்திருக்கிற வங்கிக்கும் போகலாம். இடைத்தரகர் தேவையே இல்லை, போனில் பணம் கட்டச் சொல்லி எந்த முத்ரா அதிகாரியும் கூப்பிட மாட்டார்.

பெட்ரோல் வண்டியை சிஎன்ஜிக்கு மாற்றும் கிட் மாட்டுகிற மெக்கானிக்குகளுக்கு ஒரு வரி: சொந்தமாகப் பட்டறை வைக்க நினைத்தால் மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யைப் பாருங்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை, கிராமப்புறத்தில் மானியம் பொதுப்பிரிவுக்கு 25, சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம், நகரத்தில் 15-ம் 25-ம்.

எந்த வரிசையில் போவது

ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, படிப்புச் சான்று, வங்கிப் புத்தகம், ரெண்டு போட்டோ. இவற்றில் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள். எனக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசென்ஸில் முன்னால், பள்ளிச் சான்றில் அப்பா பெயரே முழுசாக. இதைச் சரிசெய்யவே மூன்று வாரம் போனது. பிறகு சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, இலவசம்தான், ஆதாரும் பானும் இருந்தால் பத்து நிமிஷ வேலை. யாராவது 1,000 ரூபாய் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்று வங்கி பார்க்கிற சிபில் ஸ்கோரையும் முன்கூட்டியே பாருங்கள். போன் தவணை, நகைக்கடன், சுயஉதவிக் குழுக் கடன் என்று மறந்துபோன பாக்கி ஏதாவது நின்றிருக்கும். அதைக் கட்டி, முடித்த சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துதான் ஷோரூம், அதுவும் கொட்டேஷன் வாங்க மட்டும். அட்வான்ஸ் கட்டாதீர்கள். ஷோரூமில் ஆள் நன்றாகப் பேசுவார், "2,000 கட்டி புக் பண்ணிடுங்க, லோன் நாங்களே பாத்துக்கிறோம்" என்பார். அந்த லோன் தனியார் பைனான்ஸாகத்தான் இருக்கும். கொட்டேஷனில் உங்கள் பெயர், வண்டி மாடல், எரிபொருள் சிஎன்ஜி, ஆன்ரோடு விலை, ஜிஎஸ்டி எண், தேதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். நான் முதல் தடவை விண்ணப்பம் போட்டபோது கொட்டேஷன் ஷோரூம் பெயரில் இல்லாமல் இடையில் இருந்த ஏஜென்ட் பெயரில் இருந்தது. வங்கியில் அதைப் பார்த்துவிட்டு பேனாவால் ஒரு சுழி போட்டு மூலையில் வைத்துவிட்டார்கள். என்ன குறை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் கொட்டேஷன் தேதியும் காலாவதி.

இதெல்லாம் கையில் இருந்தால் விண்ணப்பம் போடலாம். தொழில் மையம் பார்த்து வங்கிக்குப் பரிந்துரைக்கும், வங்கி கடனை அனுமதிக்கும், அந்த அனுமதிக் கடிதம் வந்த பிறகு வண்டி. இந்த வரிசை மாறினால் மானியம் போய்விடும். மானியம் உங்கள் கையில் காசாக வராது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள், கடன் கணக்கில்தான் சேரும். பி.எம்.இ.ஜி.பி.யில் மூன்று வருஷம் வங்கியிலேயே வைத்திருந்து பிறகுதான் கணக்கில் கழிப்பார்கள். நடுவில் டியூ கட்டாமல் விட்டால் அதுவும் சிக்கலாகும்.

வங்கியில் இழுத்தடித்தால் சத்தம் போடாதீர்கள், பலனில்லை. என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீது எண்ணோடு போனால் ஃபைல் தேடிக் கிடைக்கும்.

வட்டியில் ஏமாறாதீர்கள்

மானியம் கிடைக்காதவர்கள்கூட இதைத் தெரிந்துகொண்டால் 50,000 ரூபாய் மிச்சம், சும்மா சொல்லவில்லை. வங்கியில் 11 சதவீதம், பைனான்ஸிலும் 11 சதவீதம் என்று சொன்னால் இரண்டும் ஒன்றா? 2.5 லட்சம், நாலு வருஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், மாத டியூ சுமார் 6,460 ரூபாய் வரும். பைனான்ஸில் பிளாட் வட்டி என்பார்கள், அதாவது கடைசி மாதம் வரைக்கும் முழு 2.5 லட்சத்துக்கும் வட்டி. வருஷம் 27,500, நாலு வருஷம் 1,10,000, மாத டியூ 7,500. நாலு வருஷ முடிவில் வித்தியாசம் ஏறக்குறைய 50,000. "பிளாட்டா, குறையும் வட்டியா?" என்ற இந்த ஒரு கேள்வியைக் கையெழுத்து போடும் முன் கேளுங்கள்.

பழைய வண்டிக்கு கிட் மாட்டுவது

இதற்கு மானியம் இல்லை, ஆனால் அரசு விதி நிறைய இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த உத்தரவுக்குப் பிறகு பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த பெட்ரோல் வண்டிகளுக்கும், 3.5 டன்னுக்கு உட்பட்டவற்றுக்கு, கிட் மாட்டலாம். ஆனால் உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் மூன்று வருஷத்துக்குத்தான், மாட்டுகிற தேதியில் அது உயிரோடு இருக்கிறதா என்று நகலைக் கேட்டுப் பாருங்கள். மாட்டிய பிறகு ஆர்டிஓவில் காட்டி ஆர்சியில் எரிபொருளை மாற்ற வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பக்கத்துத் தெரு நண்பர் பக்கத்து ஊரில் ஒரு பட்டறையில் விலை குறைவு என்று மாட்டிக்கொண்டு வந்தார். பங்க்கில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சிலிண்டர் விவரம் பொறித்த தகடு இல்லை என்று கேஸ் அடிக்க மறுத்துவிட்டார்கள். ஆர்சியிலும் ஏற்றவில்லை. கடைசியில் முழுக் கிட்டையும் கழற்றி வேறு மாட்ட வேண்டியதாயிற்று, செலவு இரண்டு மடங்கு.

புது வண்டியோ பழைய வண்டியோ, சிலிண்டரில் பொறித்திருக்கிற எண்ணையும் தேதியையும் முதல் நாளே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். நாள்பட்டால் தூசியும் கிரீஸும் ஏறி, ஆணியால் சுரண்டினால்தான் எழுத்து தெரியும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது சிலிண்டரில் தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்க்கிற சோதனை கட்டாயம், அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். கேஸ் அடிக்கும்போது பயணிகளை இறக்கிவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி இருந்தால் முதலில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து அடியுங்கள்.

அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு மானியம் இனி இல்லை, ஆனால் கடன் பிளாட் வட்டி என்று பத்திரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. டியூ ஒழுங்காக ஒரு வருஷம் கட்டிவிட்டு, மீதியை முத்ராவில் வங்கிக்கு மாற்ற முடியுமா என்று அவர் கணக்கு வைத்திருக்கிற கிளையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். முன்கூட்டி முடித்தால் அபராதம் எவ்வளவு என்று பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, அதை அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். நல வாரியப் பதிவுக்கு அடுத்த வாரம் சேர்ந்து போகிறோம்.